குடும்பத்தோடு செட்டிநாடு: எந்த ஊரில் இறங்குவது, எந்த வண்டியில் சுற்றுவது?

"முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு வருகிறோம், பிள்ளைகளையும் ஆச்சியையும் சேர்த்து ஐந்து பேர். திருச்சியில் இறங்கினால் மலிவா, மதுரையில் இறங்கினால் மலிவா? கார் எங்கே எடுப்பது?" விடுமுறைக் காலம் நெருங்கினாலே காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு இப்படிப் போன் வர ஆரம்பித்துவிடும். சிங்கப்பூர், கோலாலம்பூர், மும்பை, பெங்களூரு என்று கேட்பவர் இருக்கும் ஊர்தான் மாறும். ஊரோடு சம்பந்தமே இல்லாமல், ஆயிரம் ஜன்னல் வீட்டையும் ஆத்தங்குடித் தரைக் கல்லையும் பிள்ளைகளுக்குக் காட்ட வருகிற குடும்பங்களுக்கும் இதே குழப்பம்தான்.

பெரும்பாலானவர்கள் விமான டிக்கெட்டில் ஆளுக்கு முந்நூறு ரூபாய் குறைக்க வாரக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். வண்டியை மட்டும் கடைசி நாளில், முதலில் கிடைத்த எண்ணுக்குப் போன் போட்டு முடித்துவிடுகிறார்கள். செட்டிநாட்டைப் பொறுத்தவரை பணம் அதிகமாகக் கரைவது வண்டியில்தான். ஏன் என்பதைக் கணக்கோடு கீழே எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வீட்டு வாசலிலிருந்து செட்டிநாட்டில் தங்கும் வீட்டு வாசல் வரைக்குமான மொத்தச் செலவு. அதையும் ஒரு ஆளுக்கு என்று பார்க்காமல் குடும்பத்துக்கே சேர்த்துப் போடுங்கள். ஐந்து பேருக்கு விமானக் கட்டணம் ஐந்து மடங்காகும். வண்டி வாடகையோ ஐந்து பேருக்கும் ஒன்றுதான். ஆள் கூடக் கூட விமானக் கட்டணத்தில் இருக்கும் வித்தியாசம் பெரிதாகும். இரண்டு பேர் மட்டும் வந்தால் வண்டிச் செலவுதான் பாரம்.

அடுத்தது, எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பது. நள்ளிரவை ஒட்டி இறங்கும் விமானம் திரையில் மலிவாகத் தெரியும். அதற்கு மேல் ஒரு இரவு அறை வாடகையோ, டிரைவருக்கு இரவு பேட்டாவோ சேரும். தூக்கம் கெட்ட பிள்ளையோடு மறுநாள் பகல் முழுக்கப் பாழாகும்.

பிறகு, செட்டிநாட்டுக்குள் மட்டும் சுற்றப் போகிறீர்களா, ராமேஸ்வரம், தஞ்சாவூர் என்று வெளியேயும் போவீர்களா? வண்டியைத் தீர்மானிப்பது இந்த ஒரு கேள்விதான். வயதானவர்கள் எத்தனை பேர், பெட்டி எத்தனை, விமானம் தாமதமானால் அடுத்த ஏற்பாடு குலையுமா என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் பயணிகள் விமான சேவை கிடையாது. ஆக, விமானத்துக்கு மூன்று வழிகள்.

## திருச்சியில் இறங்கினால்

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் பக்கமிருந்து நேரடி விமானங்கள் உண்டு. உள்நாட்டில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பையிலிருந்து வரலாம். 2024 ஜனவரியில் திறந்துவைத்த புதிய முனையம் விசாலமானது. சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர்களுக்கு வசதி.

விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பது பெரிய அனுகூலம். திருச்சி நகர நெரிசலுக்குள் நுழையாமல் நேரே புதுக்கோட்டை, திருமயம் வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் காரைக்குடி வந்துவிடலாம். திருமயம் கோட்டை வழியிலேயே வரும். கானாடுகாத்தானும் காரைக்குடிக்கு முன்பே வந்துவிடும். அதனால் கானாடுகாத்தானிலோ திருமயம் பக்கத்துக் கடியாபட்டியிலோ தங்கப் போகிறீர்கள் என்றால் திருச்சிதான் கிட்டம்.

மறைந்திருக்கும் செலவு பெட்டியில் இருக்கிறது. ஸ்கூட், ஏர்ஏசியா போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்களின் அடிப்படைக் கட்டணத்தில் சரக்குப் பெட்டி சேராது. கையில் எடுத்துச் செல்லும் பை மட்டும்தான். ஊருக்கு வரும்போது காலிப் பெட்டியோடு வந்துவிடலாம். திரும்பும்போது தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, ஊறுகாய், கண்டாங்கிச் சேலை என்று கனம் ஏறாமல் இருக்காது. பெட்டிக்கான எடையை டிக்கெட் போடும்போதே வாங்கிவிடுங்கள். கவுன்டரில் போய் வாங்கினால் பல மடங்கு கேட்பார்கள். போகும்போது இரண்டு பெட்டி, திரும்பும்போது மூன்று என்று தனித்தனியாகவே வாங்கிக்கொள்ளலாம்.

## மதுரையில் இறங்கினால்

மதுரையில் நேரடி வெளிநாட்டு விமானங்கள் குறைவு. உள்நாட்டுக் குடும்பங்களுக்கு அது திருச்சிக்குச் சரிசமமான போட்டி. தூரமும் கிட்டத்தட்ட அதேதான். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே பெருங்குடியில் இருப்பதால் ரிங் ரோடு பிடித்து மேலூர் சாலைக்கு வர வேண்டும். அங்கிருந்து திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி.

இந்த வழியில் பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் காரைக்குடிக்கு முன்பே வந்துவிடுகின்றன. பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குள் நுழைவது என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய. காலை விமானத்தில் மதுரை வந்தால் கற்பக விநாயகர் தரிசனம் அன்றைக்கே முடிந்துவிடும், தனியாக ஒரு நாள் செலவழிக்க வேண்டாம். மீனாட்சி அம்மன் கோவிலையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் மதுரைக்கு ஈடு வேறு இல்லை.

சாலைச் செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று என்பதால், திருச்சியா மதுரையா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் தேதியில் எதற்குக் கட்டணம் குறைவோ, எது பகலில் இறங்குகிறதோ அதை எடுங்கள். இரண்டையும் கலப்பது இன்னும் நல்லது. உள்நாட்டு விமானங்களில் போக ஒரு விலை, வர ஒரு விலை என்று தனித்தனியாகத்தான் கணக்கு. ஆகவே திருச்சியில் இறங்கி மதுரையில் ஏறினால் கூடுதலாக ஒன்றும் ஆகிவிடாது. திருமயம் போகும் வழியிலும் பிள்ளையார்பட்டி திரும்பும் வழியிலுமாக முடிந்துவிடும், ஒரே சாலையில் இரண்டு முறை போக வேண்டியதில்லை.

## சென்னையில் இறங்கினால்

தில்லி, கொல்கத்தா, ஐரோப்பா, அமெரிக்கா பக்கமிருந்து வருபவர்களுக்குச் சென்னைக்கான கட்டணம் கண்ணை இழுக்கும். அதற்கப்புறம் 400 கிலோமீட்டர் இருக்கிறது. காரில் வந்தால் மிச்சம் பிடித்த பணம் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். ரயிலில் வந்தால் மட்டுமே சென்னை வழி கட்டுப்படியாகும்.

எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் கிளம்பி இரவு காரைக்குடி வந்து சேரும். ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்களும் காரைக்குடி வழியாகவே போகின்றன. விமான நிலையத்திலிருந்து எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். இந்த ரயில்கள் தாம்பரத்தில் நிற்கின்றன. தாம்பரம் விமான நிலையத்துக்குப் பக்கம். முன்பதிவிலேயே ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்று போட்டுவிடுங்கள். கைப்பை மட்டும் இருந்தால் எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்தே போய்விடலாம். பெரிய பெட்டிகளும் பாட்டியும் இருந்தால் டாக்ஸிதான் சரி.

ரயிலில் பிள்ளைகளுக்கான சலுகை விமானத்தில் கிடையாது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் கட்டணமே இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். விமானத்திலோ இரண்டு வயது தாண்டினாலே முழு இருக்கை வாங்கியாக வேண்டும். போகும்போது இரண்டு நிரம்பாத குழந்தைக்குப் பயணத்துக்கு நடுவே பிறந்தநாள் வந்தால் திரும்பும்போது இருக்கை வாங்க வேண்டியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் பெரிய ஆபத்து ஒன்று. விமானமும் ரயிலும் தனித்தனி டிக்கெட். விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். குறைந்தது நான்கைந்து மணி நேர இடைவெளி இல்லாமல் பல்லவனை நம்பி விமானம் போடாதீர்கள். பகலில் இறங்கி இரவு ரயில் பிடிப்பது இன்னும் பத்திரம். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், பண்டிகைக் காலத்தில் திறந்த உடனேயே தீர்ந்தும் போகும். விமானத்தை முதலில் போட்டுவிட்டு ரயில் கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு.

ஆளுக்குப் போக வர இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் உண்மையாகவே மிச்சமானால்தான் சென்னை வழியை யோசிப்பேன். அதற்குக் கீழே என்றால் கைக்குழந்தையையும் முட்டிவலி ஆச்சியையும் இரண்டு இடத்தில் ஏற்றி இறக்குவது தேவையற்ற சிரமம்.

## டிக்கெட் போடும் முன் ஒரு சோதனை

ஐந்து பேருக்கு என்று தேடும்போது ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். குறைந்த விலையில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், ஐந்து பேருக்கும் சேர்த்து அடுத்த விலைப்படியையே காட்டும். அதனால் முதலில் ஒருவருக்கு என்று தேடிப் பாருங்கள், பிறகு மூவருக்கு, பிறகு ஐவருக்கு. ஆள் கணக்கு ஏறும்போது தலைக்கு விலை கூடினால் இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து வாங்கலாம். ஆனால் விமானம் ரத்தானால் இரண்டு பி.என்.ஆருக்கும் (முன்பதிவு எண்) இரண்டு மாற்று ஏற்பாடு வரக்கூடும். ஆகவே ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பெரியவர் இருக்கும்படியும், பிள்ளை தாயோடோ தகப்பனோடோ இருக்கும்படியும் பிரியுங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் பிரிக்கவே வேண்டாம்.

தேடுதளத்தில் விலையை ஒப்பிடுங்கள், பணம் கட்டுவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி மாற்றமோ ரத்தோ வந்தால் நடுவில் இன்னொருவர் இருப்பது பெரிய தலைவலி. கடைசித் திரையில் சேரும் வசதிக் கட்டணம், இருக்கைத் தேர்வு, சாப்பாடு எல்லாம் ஆளுக்கு ஆள், போகவும் வரவும் தனித்தனி. ஒப்பிடும்போது அந்தக் கடைசித் திரை வரை போய்ப் பார்த்த தொகையை மட்டும் எழுதுங்கள்.

## இனி வண்டி

காரைக்குடியை நடுவில் வைத்துக்கொண்டால் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் எல்லாம் பதினைந்து கிலோமீட்டருக்குள். தேவகோட்டையும் திருமயமும் இருபது, இருபத்தைந்துக்குள். ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் 80 கிலோமீட்டர் ஓடுவது அபூர்வம். விமான நிலையத்தில் பேசும் வெளியூர் வண்டிக்கோ ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதுதான் வழக்கம். வீட்டு வாசலில் வண்டி சும்மா நின்றாலும் 250-க்குக் கொடுத்தாக வேண்டும். செட்டிநாட்டுப் பயணத்தில் காசு வீணாவது இங்கேதான்.

கீழே இருக்கும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்களுக்குச் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர், எர்டிகா மாதிரி ஏழு இருக்கை வண்டி, திருச்சியிலிருந்து திருச்சி, இரண்டு இரவு, நடுவில் ஒரு முழு நாள். உண்மையில் ஓடும் தூரம் மொத்தம் 330 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

| | மூன்று நாளும் ஒரே வண்டி | ஒருவழி டிராப் + உள்ளூர் வண்டி | நாமே ஓட்டும் வாடகைக் கார் |
|---|---|---|---|
| கணக்கு | 750 கி.மீ. × ரூ.15 | ஒரு டிராப் 130 கி.மீ. × ரூ.19, இரண்டு முறை | 3 நாள் × ரூ.3,500 |
| ரூபாய் | 11,250 | 4,940 | 10,500 |
| கூடுதல் | பேட்டா 1,500 | பேட்டா 800, உள்ளூர் வண்டி ஒரு நாள் 3,000, ஆட்டோ 500 | பெட்ரோல் 22 லிட்டர், சுமார் 2,200 |
| மொத்தம் (டோல் நீங்கலாக) | 12,750 | 9,240 | 12,700 + முன்பணம் |

### மூன்று நாளும் ஒரே வண்டி

முகம் தெரிந்த ஒரே டிரைவர், பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போகலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மேலே பார்த்தபடி ஓடாத 420 கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். ஒரு நாள் கூடத் தங்கினால் இன்னும் 4,250 ஏறும். உள்ளூர் வண்டி என்றால் 3,000-தான் ஏறும். தங்கும் நாள் கூடக்கூட இடைவெளி விரியும்.

நடு நாளில் ராமேஸ்வரம் போய்வருவதென்றால் நிலைமை மாறும். போக வர சுமார் 300 கிலோமீட்டர். ஒரே வண்டிக்காரருக்கு அது 750-க்குள்ளேயே அடங்கிவிடும், கூடுதல் பைசா இல்லை. காரைக்குடியில் தனி வண்டி பிடித்தால் அன்றைக்கு மட்டும் ஐயாயிரம் ஆகும். அப்போது இரண்டு முறைக்கும் இடையில் 1,500 ரூபாய்தான் வித்தியாசம். அந்தத் தொகைக்கு ஒரே வண்டியை வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடி, ராமேஸ்வரம், மதுரை என்று ஊர் ஊராக நகர்ந்துகொண்டே போகும் பயணத்துக்கும் இதுதான்.

கேட்காமல் விட்டால் பின்னால் வரும் செலவு, ஷெட் டு ஷெட் கணக்கு. வண்டி கிளம்பும் ஷெட்டிலிருந்து மீட்டர் ஓட ஆரம்பித்து, திரும்ப ஷெட்டுக்குப் போகும் வரை உங்கள் கணக்குதான். மதுரை விமான நிலையத்துக்கு வரும் வண்டி எந்த ஊர் வண்டி என்று கேட்டுவிடுங்கள்.

### டிராப் டாக்ஸியும் உள்ளூர் வண்டியும்

செட்டிநாட்டை மட்டும் பார்க்க வரும் குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். விமான நிலையத்திலிருந்து ஒருவழி டிராப், நடுவில் தேவைப்படும் நாளுக்கு மட்டும் காரைக்குடி வண்டி, திரும்ப ஒரு டிராப். உள்ளூர் டிரைவருக்குத்தான் எந்த வீட்டில் உள்ளே பார்க்க விடுவார்கள், ஆத்தங்குடியில் எந்தப் பட்டறையில் இன்றைக்குக் கல் ஊற்றுகிறார்கள், எந்த மெஸ்ஸில் மதியம் இரண்டு மணிக்கு மேலும் சாப்பாடு இருக்கும் என்பதெல்லாம் தெரியும். கண்ணாடி மேல் வர்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்து, சிமென்டைப் பரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். எட்டு மணி நேர வண்டியில் ஒன்றரை மணி நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

டிராப் வண்டியில் குறைந்தபட்சத் தூரம் உண்டு. பல நிறுவனங்களில் 130 கிலோமீட்டர். 90 கிலோமீட்டர் பயணத்துக்கும் அந்தக் குறைந்தபட்சத்தைத்தான் வாங்குவார்கள். வழியில் திருமயத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் வெயிட்டிங் போடுவார்கள். அதிகாலை மூன்று மணி விமானத்துக்கு டிராப் வண்டி சொல்லும்போது முந்தின நாள் மாலையே டிரைவர் பெயரையும் வண்டி எண்ணையும் வாங்கிவிடுங்கள். தங்குமிடமே வண்டி அனுப்புவதாகச் சொன்னால் விலையை மட்டும் ஒருமுறை வெளியிலும் விசாரியுங்கள்.

### நாமே ஓட்டுவது

நம் சாலையில் பழகியவர்கள், எப்போது வேண்டுமானாலும் கிளம்ப நினைப்பவர்கள், நான்கு பேருக்குள் இருப்பவர்கள் எடுக்கலாம். சிறிய கார் எடுத்தால் அட்டவணையில் உள்ள வாடகை இறங்கும், அப்போது கட்டுப்படியாகும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்கள் அகலமானவை, நேரானவை, வண்டி ஓட்டவும் நிறுத்தவும் சிரமமில்லை. காரைக்குடிக் கடைத்தெருவும் விசேஷ நாளில் பிள்ளையார்பட்டியும் அப்படியில்லை.

வண்டியைக் கையில் வாங்கும்போது முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். சொந்தமாக ஓட்டுவதற்கு வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது, விபத்து என்றால் காப்பீடு கைவிடும். தெரிந்தவர் மூலம் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் வேண்டாம். வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச்சீட்டையும் ஊரிலேயே எடுத்து வர வேண்டும்.

முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், கீறல் விழுந்தால் உங்கள் பங்கு எவ்வளவு, நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரம்பு, ஃபாஸ்டேக் யார் கணக்கில் என்று எழுத்தில் வாங்குங்கள். எடுக்கும்போது நான்கு பக்கமும் உட்புறமும் மீட்டரும் தெரிய வீடியோ எடுத்து வையுங்கள். இரவு விமானத்தில் வந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 90 கிலோமீட்டர் ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அன்றைக்கு ஒரு டிராப் டாக்ஸி, மறுநாள் வாடகைக் கார் என்று வைத்துக்கொள்ளலாம்.

## வண்டி சிறிதா பெரிதா

டிசையர் மாதிரி வண்டியில் நான்கு பேர் உட்காரலாம், பெட்டிதான் பிரச்சினை. சிஎன்ஜி வண்டி என்றால் பின்பெட்டியில் பெரும்பகுதியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். "சிஎன்ஜி வண்டியா?" என்று போனிலேயே கேளுங்கள். எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் இரண்டு கைப்பைக்குத்தான் இடம். ஐந்து பேர், நான்கு பெட்டி என்றால் கடைசி வரிசையைப் பாதி மடக்க வேண்டும். ஏழு பேருக்கு இன்னோவா, மேலே கேரியர் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். பத்துப் பேருக்கு மேல் இரண்டு கார் எடுப்பதைவிட ஒரு டெம்போ டிராவலர் மலிவு, எல்லோரும் சேர்ந்தும் போகலாம்.

## தேதி

தை, ஆவணி முகூர்த்த நாட்களில் காரைக்குடிப் பக்கத்து வண்டிகள் கல்யாணத்துக்கே போய்விடும். உள்ளூர் வண்டியை நம்பிப் போடும் திட்டத்துக்கு இதுதான் பலவீனம். டிக்கெட் போடும் முன் காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்து, தவிர்க்க முடியாவிட்டால் ஒரு மாதம் முன்பே வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். பிள்ளையார்பட்டி சதுர்த்தி, பங்குனி உத்திரம், நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் சமயமும் அப்படியே. ஆடியில் கல்யாணம் இல்லாததால் வண்டி சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் பேசலாம். சித்திரை, வைகாசி வெயிலில் பள்ளி விடுமுறை என்பதால் விமானமும் ஏறும், பிள்ளைகளும் வாடும். பள்ளி அனுமதித்தால் ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் சுற்றுவதற்கு இதமான காலம்.

வண்டியைப் பேசி முடித்ததும் கிலோமீட்டர் விலை, நாளுக்குக் குறைந்தபட்சத் தூரம், பேட்டா, டோல், பார்க்கிங், ஷெட் கணக்கு, ஏ.சி. முழு நேரமா என்ற ஏழையும் அவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வாய்ச்சொல்லாக ஒப்புக்கொண்டதை, வண்டியோடு வரும் டிரைவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.